பாறைத் துளையில் கோத்த கயிறு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி.

போன வாரம் இத்தாலியின் டோலமைட்ஸ் மலைக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே வயோலெட் கோபுரங்கள் என்று 2800 மீட்டரை ஒட்டி மூன்று கூரான பாறைகள்: வின்க்லர், ஸ்டாபெலர், டெலாகோ. முதலில் ஏறியவர்களின் பெயர்கள்தான். 1887-இல் தன்னந்தனியாக ஏறிய வின்க்லர், நான் இப்போது இருக்கும் மியூனிக்கின் பள்ளி மாணவன். அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தில் வைஸ்ஹார்ன் மலையில் இறந்துபோனான். அடிவாரத்தில் நின்றபோது அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் டெலாகோவின் தென்மேற்கு விளிம்பில் ஏறினோம். ஏறுவதன் கடினத்தைச் சொல்லும் அளவில் தரம் நான்கு, அந்த ஊரில் அது எளிது. கைக்கும் காலுக்கும் பெரிய பிடிகள் இருக்கிறது உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் பல நூறு மீட்டருக்கு வெறும் காற்று.

உன்னிடம் சொல்ல நினைத்தது வேறு. வழியில் பழைய ஆணிகள் சில உண்டு, மற்றபடி பாதுகாப்பை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் சின்னத் தூண் மாதிரி பாறை மிஞ்சியிருக்கும். ஜெர்மன்காரர்கள் இதை மணற்கடிகாரம் என்பார்கள், இடுப்பு ஒடுங்கிய அதே உருவம். அதில் ஸ்லிங்கை, அதாவது பட்டை மாதிரியான குட்டைக் கயிற்றை, கோத்து முடிச்சுப் போட்டால் அதுவே நம்மைத் தாங்கும் நங்கூரம். கோக்கும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரிதான். பொள்ளென்று கேட்டால் விட்டுவிடணும். ஒரு கயிற்றின் நீளத்துக்கு ஒரு கட்டமாகத்தான் ஏறுவோம்; மூன்றாவது கட்டத்தில் கட்டைவிரல் பருமனில் அப்படி ஒரு தூண் கிடைத்தது. தட்டினேன், கெட்டியாக ஒலித்தது. இருந்தும் அதை நம்பவில்லை. இன்னும் மேலே ஏறி, மணிக்கட்டுப் பருமனில் வேறொன்று கிடைத்த பிறகுதான் மூச்சு சீரானது.

இறங்குவது கயிற்றில் தொங்கித்தான். உருவும்போது கயிறு எங்கேயாவது சிக்கிக்கொள்ளும், அதற்குப் பொறுமை வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், அதனால் விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும்.

அப்புறம் உன் மகளுக்கு ஒரு கதை. லாரின் என்ற குள்ள அரசன், இந்த மலையில் இருந்த தன் ரோஜாத் தோட்டம் பகலிலும் இரவிலும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று சபித்தானாம். அந்தி வேளையைச் சொல்ல மறந்துவிட்டான். அதனால்தான் மாலையில் இந்தப் பாறைகள் சிவக்கின்றனவாம். 2621 மீட்டர் உயரத்தில் இருக்கும் விடுதி வாசலில் உட்கார்ந்து அந்தச் சிவப்பைப் பார்த்தேன்.

அடுத்த ஆகஸ்டில் உனக்கு லீவு கிடைக்குமா? இப்போதே சொன்னால் விடுதியில் இரண்டு படுக்கைக்குச் சொல்லிவைக்கிறேன். உன் பழைய ஹெல்மெட் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்.

அன்புடன்,
மணி