கோடை வந்தால் மட்டும் நாங்கள் ஆசிரியர்களா?

மதிப்புக்குரிய கனடிய வேலைவாய்ப்பு அமைச்சருக்கு,

ஒன்ராறியோவில் பாலர் வகுப்பில் வேலை செய்யும் ஈ.சி.ஈ. (ஆரம்பக் குழந்தைப்பருவக் கல்வியாளர்) ஒருத்தி எழுதுகிறேன். வேலையிழப்புக் காப்புறுதி ஒழுங்குவிதிகளின் 33ஆம் பிரிவை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்தக் கோடையில் என் விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதத்திலும் அந்த இலக்கம்தான் இருந்தது. நான் கற்பித்தல் தொழிலில் இருப்பவளாம். அதனால் பாடசாலை மூடியிருக்கும் கிழமைகளுக்குக் காசு இல்லையாம்.

சந்தோசம். அப்படியென்றால் ஆசிரியரின் சம்பளத்தையும் தந்திருக்கலாமே? அதே வகுப்பில் என்னோடு நிற்கும் ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளம். அது அவருக்கு நியாயமானதே. எனக்கு மணிக்கணக்கு, அதுவும் பத்து மாதத்துக்கு. அவருக்குப் பதிவு ஒரு சபையில், எனக்கு வேறொரு சபையில். மாகாணத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைத் தனித் தொழிலாகவே வைத்திருக்கிறது. சம்பளம் போடும்போது ஆசிரியர் இல்லை, காப்புறுதியை மறுக்கும்போது மட்டும் ஆசிரியர்.

கோடையில் வேறு வேலை பார்க்கலாமே என்பீர்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் கேட்கும் முதல் கேள்வியே “செப்டெம்பரிலும் நிற்பீர்களா?” என்பதுதான். இல்லை என்றதும் கதை முடிந்துவிடும். ஜூன் மாதக் கடைசிச் சம்பளம் ஜூலை வாடகைக்குக் காணும். ஓகஸ்ட் வாடகை கிரெடிட் கார்ட்டில் ஏறும். அதை இலையுதிர்காலம் முழுக்க வட்டியோடு கட்டி, ஒருவழியாக மூச்சு விடும் நேரத்தில் நத்தார் விடுமுறை வந்துவிடும். அந்த இரண்டு கிழமைக்கும் சம்பளம் இல்லை. பிறகு மார்ச் விடுமுறை. இத்தனைக்கும் காப்புறுதிக் கட்டுப்பணத்தை என் சம்பளத்தில் வெட்ட ஒருமுறையாவது மறந்தார்களா?

33ஆம் பிரிவிலிருந்து ஈ.சி.ஈ.க்களை வெளிப்படையாக விலக்குங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து பாருங்கள். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பனிக்காற்சட்டை, சப்பாத்து, கையுறை எல்லாம் போட்டுவிட்டு நிமிரும்போது, முதலில் உடுத்திவிட்ட பிள்ளை மூத்திரம் வருகிறது என்று நிற்கும். இந்த வேலைக்கு ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று ஆராய அரசாங்கங்கள் குழு அமைக்கின்றன. நாளுக்குப் பத்து டாலரில் பிள்ளைப் பராமரிப்பு என்று மேடையில் கைதட்டல் வாங்குகின்றன. குழுவெல்லாம் எதற்கு, ஓகஸ்ட் மாதத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதாதா?

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். இதற்குப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. ஒழுங்குவிதியைத் திருத்தினால் போதும். ஆசிரியராக நியமிக்கப்படாத ஈ.சி.ஈ.க்களுக்கு 33ஆம் பிரிவு பொருந்தாது என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த ஜூனுக்கு முன் அதைச் செய்ய முடியுமா, முடியாதா என்று தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கட்டுப்பணம் தவறாமல் கட்டும் ஒரு ஈ.சி.ஈ.