வாக்கு ஒரு பக்கம், தொகுதி ஒரு பக்கம்

ஐயா,

தேர்தல் சீர்திருத்தம் என்றாலே இயந்திரமா, வாக்குச்சீட்டா என்ற சண்டையோடு நின்றுவிடுகிறோம். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் சுமார் 44 சதவீத வாக்கு வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 39-இல் 37 தொகுதிகள். 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. 2024-இல் அப்படியே தலைகீழ்: 39-உம் தி.மு.க. கூட்டணிக்கே! ஜெயித்தவர் எவரும் இதைப் பேசமாட்டார். தோற்றவர் அடுத்த முறை ஜெயிக்கக் காத்திருப்பார்.

மக்களவையில் கூடுதலாக 25 சதவீத இடங்களைச் சேர்த்து, அவற்றைக் கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி நிரப்பலாம் என்று 1999-லேயே சட்ட ஆணையம் சொன்னது. உதிரிக் கட்சிகள் பெருகிவிடும் என்கிறார்கள். சரி, 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கினால் இடமில்லை என்று விதி வைத்தால் போயிற்று. தொகுதி மறுவரையறைக்கு இவ்வளவு கூட்டம் போடுகிறவர்கள் இதற்கும் ஒரு கூட்டம் போடலாமே?

- ஒரு வாசகர், மதுரை