ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடம்: டர்பன் ஆலைத் தொழிலாளருக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பைன்டவுனிலும் ஆலைகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். "நான் சூப்பர்வைசர் இல்லையே, நான் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்கிறீர்கள். 1913 அக்டோபரில் இதே நாட்டின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போன பெண்களுக்கும் எந்தப் பதவியும் கிடையாது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். கூலி ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் தலையில் விழுந்த 3 பவுண்டு வரியைப் பற்றிச் சுரங்கத் தொழிலாளரிடம் நேரில் போய்ப் பேசினார்கள். வேலைநிறுத்தம் மூண்டது; 1914-இல் வரி ஒழிந்தது. கேட்பவரை அழுத்தும் சுமை எதுவோ, அதிலிருந்தே பேச்சைத் தொடங்கினார்கள்.

ஆலையில் அந்தச் சுமை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இருக்கிறது. இரவில் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) சூடேறியதை யாரும் எழுதி வைக்காவிட்டால், காலையில் வருபவர் மெஷினை முழு வேகத்தில் ஓட்டுவார். பேரிங் இறுகும், லைன் நிற்கும், பழி அவர் மேல் விழும். ஆகவே முதலில் உங்கள் மெஷினுக்கு மட்டும் நான்கு வரி எழுதுங்கள்: இப்போது என்ன நிலை, எந்த செட்டிங் மாறியது, எது பாதியில் நிற்கிறது, யாரிடம் சொல்லியாயிற்று. "சத்தம் வருகிறது" என்று எழுதினால் பயனில்லை. "2.40 மணி, 3-ஆம் கன்வேயர், மோட்டார் பக்கப் பேரிங் 85 டிகிரி, நேற்று 60" என்றால் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர் எழுந்து வருவார்.

இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள். மற்றவரை எழுதச் சொல்லாதீர்கள். அடுத்த ஷிஃப்டுக்காரரே தாளைத் தேடி வரும்போது, சூப்பர்வைசரிடம் தனியாகக் காட்டுங்கள். எல்லார் முன்னாலும் கூட்டத்தில் எடுத்து நீட்டினால் தன்னைக் குறை சொல்வதாகவே அவருக்குப் படும். நல்ல யோசனைகள் பல அங்கேதான் சாகின்றன. எதிர்ப்பார் என்று நினைக்கும் மூத்த ஃபிட்டரிடமும் முன்கூட்டியே போய், "இதில் எது நடக்காது?" என்று கேளுங்கள். அவர் திருத்தியதை அவர் பெயரைச் சொல்லியே கூட்டத்தில் வையுங்கள். ஜூலு பேசும் தோழர்களிடம் "சானிபோனானி" (வணக்கம்) என்பதோடு நிற்காமல், மெஷின் பாகங்களின் பெயரையாவது அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் விட்ட வேலையை ஓசையில்லாமல் முடித்துக் கொடுக்காதீர்கள். மூன்றாம் தடவை அது உங்கள் வேலையாகிவிடும், கோளாறும் வெளியே தெரியாது. "இதை யார், எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, பதிலை அதே தாளில் எழுதுங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தென்னாப்பிரிக்கப் பணிப் பாதுகாப்புச் சட்டப்படி, 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஆலையில் 50 பேருக்கு ஒருவர். அந்த இடத்தில் முழுநேரம் வேலை செய்து, அங்குள்ள நிலைமை அறிந்தவராக இருந்தால் போதும், பதவி வேண்டாம். செய்யலாம் என்று சட்டம் சொன்ன ஒன்றைப் பிரதிநிதி செய்யாமல் விட்டார் என்பதற்காக மட்டும் அவர் மீது நஷ்டஈடு கேட்க முடியாது. முறைப்படி ஆபத்தைத் தெரிவித்தவரை வேலைநீக்கம் செய்வதையும் சம்பளம் குறைப்பதையும் 26-ஆம் பிரிவு தடுக்கிறது. உங்கள் பகுதிக்குப் பிரதிநிதி யார், அவருடைய காலம் எப்போது முடிகிறது என்று இந்த வாரமே கேளுங்கள். இடம் காலியென்றால் உங்கள் பெயரை எழுத்தில் கொடுங்கள்.

அன்புடன்,
பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்போர் சிலர்