கிடங்கு நிறைந்திருக்கிறது, காசு ஏன் குறைகிறது?

சிங்கப்பூர்
10-8-2025

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு ஈப்போவிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. நீயும் வசந்தாவும் தனியாக இருக்கிறீர்களே என்ற கவலை இனி இல்லை. இங்கே மீனாட்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் அரை மணி நேரம் நடக்கிறாள். பேரன் தொடக்கநிலை இரண்டு படிக்கிறான், தமிழ் எழுத்து நன்றாக வருகிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நம் போன்றவர்களின் பணத்தில் கிடங்குகள் வாங்கி வாடகையைப் பங்கிட்டுத் தரும் மேப்பிள்ட்ரீ லாஜிஸ்டிக்ஸ் ட்ரஸ்ட் இந்தக் காலாண்டில் யூனிட்டுக்கு, அதாவது நாம் வைத்திருக்கும் ஒரு பங்குக்கு, 1.812 காசுதான் கொடுத்தது, போன வருடம் இதே காலாண்டில் 2.068 காசு கொடுத்தது, கிடங்கெல்லாம் நிறைந்துதானே இருக்கிறது, பிறகு ஏன் குறைகிறது என்று எழுதியிருந்தாய். 10,000 யூனிட் வைத்திருப்பவருக்கு 206 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) 80 காசு வந்த இடத்தில் 181 வெள்ளி 20 காசு வருகிறது. சம்பளம் நின்றுபோன நம் வயதில் இந்த வித்தியாசம் உறைக்கத்தான் செய்யும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அல்லவா? அதனால் ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு காலாண்டை மட்டும் பார்த்தால் இது புரியாது. மார்ச் 2020-இல் முடிந்த ஆண்டில் மொத்த வருமானம் 490.8 மில்லியன் வெள்ளி. மார்ச் 2025-இல் முடிந்த ஆண்டில் 727 மில்லியன். ஐந்தே வருடத்தில் ஏறக்குறைய பாதி கூடியிருக்கிறது. ஆனால் யூனிட்டுக்குக் கிடைத்தது அன்று 8.142 காசு, இன்று 8.053 காசு. நடுவில் மார்ச் 2023 ஆண்டில் 9.011 வரை ஏறியது, அடுத்த ஆண்டு 9.003, அதன் பிறகு சரிவுதான். இத்தனை கட்டடம் வாங்கி, இத்தனை நாட்டில் கால் ஊன்றி, கடைசியில் நம் கைக்கு வருவது ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்ததைவிடக் குறைவு. என்னைக் கேட்டால், முழு அறிக்கையிலும் நாம் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் எல்லாரும் வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள்.

கூடிய வாடகை எங்கே போனது? முதல் காரணம், பங்கு போடும் ஆட்கள் கூடிவிட்டார்கள். இப்படிக் கட்டட வாடகையைப் பங்கிட்டுத் தரும் நிதியை ரீட் என்பார்கள். அது சம்பாதிப்பதில் 90 சதவீதமாவது நமக்கே கொடுத்துவிட்டால்தான் இங்கே அதற்கு வரிச்சலுகை. அதனால் கையில் சேமிப்பு என்று பெரிதாக நிற்காது. புதுக் கட்டடம் வாங்க வேண்டுமென்றால் கடன் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் புது யூனிட் வெளியிட வேண்டும். 2020 கடைசியிலும் 2021 கடைசியிலும் பெரிய அளவில் வாங்கினார்களே, சீனாவிலும் வியட்நாமிலும், அப்போது புது யூனிட்டுகள் வந்தன. சுமார் 3.8 பில்லியனாக இருந்த யூனிட்டுகள் இன்று 5 பில்லியனைத் தாண்டிவிட்டன. வருமானம் பாதி கூடியதில் பெரும்பகுதியை இதுவே விழுங்கிவிட்டது.

இரண்டாவது வட்டி. கொரோனா சமயத்தில் வட்டி தரையோடு தரையாகக் கிடந்தபோது பல கடன்களுக்கு அந்த வட்டியையே சில வருடங்களுக்கு நிலைநிறுத்தி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அவை ஒவ்வொன்றாக முடியும்போது புது ஒப்பந்தம் புது வட்டியில்தானே போட முடியும்? கடனின் சராசரி வட்டி மார்ச் 2025-இல் 2.7 சதவீதம். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் சொத்து மதிப்பில் கடனின் விகிதம் 40.7 சதவீதம், சொத்து 13 பில்லியன் வெள்ளிக்கு மேல். கால் சதவீதம் ஏறினாலும் எவ்வளவு என்று நீயே போட்டுப் பார். ரீட்டுகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய வாரியம் 50 சதவீதம் வரை அனுமதிக்கிறது, அதனால் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் கடன் வாங்கி வளர இடம் குறுகிவிட்டது. நல்ல செய்தி என்னவென்றால், 2024 தொடக்கத்தில் 3.5 சதவீதத்துக்கு மேல் நின்ற சிங்கப்பூர் வட்டி இப்போது 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஜப்பானில் அதற்கு நேர்மாறு. அங்கே 2024 மார்ச்சில்தான் பூஜ்யத்துக்குக் கீழே இருந்த வட்டியை மேலே கொண்டுவந்தார்கள், இந்த ஜனவரியில் 0.5 சதவீதம் ஆக்கினார்கள். இவர்களுக்கு யென் கடனும் கணிசமாக உண்டு.

யென் என்றதும் மூன்றாவது காரணம் வந்துவிட்டது. 2020-இல் ஒரு வெள்ளிக்கு 77 யென் மாதிரி இருந்தது. 2024 நடுவில் 110-ஐத் தாண்டிப் போனது. தோக்கியோ பக்கத்துக் கிடங்கின் வாடகைதாரர் ஒரு மாதம்கூடத் தவறாமல் அதே யென்னைக் கட்டிக்கொண்டிருந்தாலும், அது வெள்ளியாக மாறி நம்மிடம் வரும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். முன்கூட்டியே மாற்று விகிதத்தைப் பேசி வைப்பார்கள், அது அடியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

நான்காவது சீனா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் உன் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது. மொத்தக் கிடங்குகளில் சுமார் 96 சதவீதம் நிரம்பியிருப்பது உண்மை. ஆனால் நிரப்புவது ஒன்று, எந்த வாடகைக்கு நிரப்புகிறோம் என்பது வேறு. இணைய வணிகம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் சீனாவின் இரண்டாம் நிலை நகரங்களில் ஆளாளுக்குக் கிடங்கு கட்டினார்கள். பிறகு வியாபாரம் மந்தமானது. வாடகைதாரருக்குத் தேர்ந்தெடுக்க இடம் ஏராளம், அதனால் அவர் சொல்வதுதான் விலை. அங்கே குத்தகைக் காலமும் குறைவு, ஒன்று இரண்டு வருடத்தில் மறுபடி பேச்சு வார்த்தை. புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய வாடகையிலிருந்து 10 சதவீதம் போல இறங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்ற நாடுகளில் வாடகை ஏறியும் இது இழுத்துப் பிடிக்கிறது. நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்தவன், இடம் காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த வாடகைக்காவது ஆள் இருப்பது மேல் என்பேன். நிர்வாகம் அதில் சரியாகத்தான் நடந்திருக்கிறது. அந்தக் கட்டடங்களை அந்த நேரத்தில் அந்த விலைக்கு வாங்கியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று, போன ஆண்டு நமக்குக் கொடுத்ததில் வாடகைப் பணம் மட்டும் இல்லை. பழைய கட்டடங்களை விற்ற லாபத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த ஆண்டு அதை நிறுத்திவிட்டார்கள். 12 சதவீதச் சரிவு என்று நீ பதறியதில் ஒரு பகுதி இதுதான். நிறுத்தியதை நான் வரவேற்கிறேன். கிடங்கு சம்பாதித்ததை மட்டும் கொடுத்தால் நமக்கும் நிலவரம் மறைவில்லாமல் தெரியும்.

நிர்வாகக் கட்டணத்தைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அடிப்படைக் கட்டணம் சொத்து மதிப்பில் 0.5 சதவீதம், அதற்கு மேல் கட்டடங்களின் நிகர வருமானத்தில் 3.6 சதவீதம். இரண்டும் அளவு பெருக்கப் பெருக்கக் கூடுவது. யூனிட்டுக்கு எத்தனை காசு வந்தது என்பதோடு கட்டணத்தை இணைத்துக்கொண்ட வேறு ரீட்டுகள் இங்கே இருக்கின்றன. இவர்களும் அப்படி மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் கேள்விகள் அனுப்பச் சொல்வார்கள் அல்லவா, எழுதி அனுப்பப் போகிறேன். நீயும் உன் பெயரில் அனுப்பு.

இவ்வளவு சொன்னதால் நம்பிக்கை போய்விட்டது என்று எண்ணாதே. போன மாதம் பெனோய் ரோடு பக்கம் போயிருந்தேன். 51-ஆம் எண்ணில் இருந்த இவர்களுடைய பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, 200 மில்லியன் வெள்ளிக்கு மேல் செலவழித்து ஆறு மாடிக் கிடங்கு எழுப்பியிருக்கிறார்கள். முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம். அந்தக் காலத்தில் நாம் சரக்கு மின்தூக்கிக்காக லாரிகளை வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்துக் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். இங்கே 40 அடிக் கொள்கலன் வண்டி சுற்றுப்பாதையில் ஏறி எந்த மாடிக்கு வேண்டுமோ அந்த மாடியின் கதவருகிலேயே போய் நிற்கும். வாடகைக்கு எடுக்கிறவருக்கு மிச்சமாகும் நேரம் எவ்வளவு! யூனிட் விலை இப்போது நிகரச் சொத்து மதிப்புக்கு, அதாவது கடன் போக ஒரு யூனிட்டுக்கு நிற்கும் சொத்தின் மதிப்புக்கு, கீழே கிடக்கும்போது புது யூனிட் வெளியிட்டு வாங்குவது நமக்கு நட்டம். பழையதை விற்று, கையில் இருக்கும் நிலத்திலேயே இப்படி நல்லதாகக் கட்டுவதுதான் சரியான வழி. 2005 ஜூலையில் யூனிட் 68 காசுக்குப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டபோது சிங்கப்பூரில் 15 கட்டடங்கள்தான் இருந்தன. இருபது வருடத்தில் ஒன்பது இடங்களுக்குப் போயாயிற்று. இனி எண்ணிக்கை போதும், ஒவ்வொன்றும் நன்றாகச் சம்பாதிக்கட்டும்.

விற்றுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் விற்கவில்லை, கூடுதலாக வாங்கவும் இல்லை. உனக்கு ரிங்கிட் கணக்கும் சேர்ந்து வருவதால் உன் நிலைமை வேறு. மாதச் செலவுக்கு இந்தப் பணத்தை எதிர்பார்க்கிறாய் என்றால் 9 காசு திரும்ப வரும் என்று வைத்துப் போடாதே, யூனிட்டுக்கு 7 காசை ஒட்டி வைத்துப் பட்ஜெட் போடு. அக்டோபரில் அடுத்த காலாண்டு அறிக்கை வரும். அதில் சீனாவில் புதுப்பித்த வாடகை எத்தனை சதவீதம் இறங்கியது, கடன் வட்டி 2.7-இல் நிற்கிறதா, பெனோய் ரோட்டுக் கிடங்கு எவ்வளவு நிரம்பியது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் கூப்பிடு. இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்.

வசந்தாவுக்கும் மகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்
இளங்கோ