அரசுக் கல்லூரிகளில் கரிமத் தொகுப்பு ஆய்வு: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் கற்பிப்பதற்கானவை, ஆய்வுக்குரிய இடங்கள் வேறு என்ற எண்ணம் நிர்வாகத்தில் ஊறிவிட்டது. இதே துறையின் பழைய வரலாறே அதை மறுக்கிறது என்பதால், கரிம வேதியியல் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியின் (1915–2001) ஆய்வு வாழ்வைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பி. பி. டே அவர்களிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஆடம்ஸ் குழுவில் செனிசியோ செடிகளின் ஆல்கலாய்டுகளை (தாவரங்களில் உருவாகும் நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மங்களை) ஆராய்ந்தவர், திரும்பி வந்து பணியாற்றியது தேசிய ஆய்வுக்கூடம் எதிலும் அன்று. பாடம் நடத்துவதே முதற்கடமையான அதே அரசுக் கல்லூரியில்தான். நஞ்சறுப்பான் கொடியிலிருந்து டைலோபோரின் என்னும் ஆல்கலாய்டு 1935இலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தும், அதன் அமைப்பு விளங்காமல் கிடந்தது. மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தின் உதவியால் காட்டும் என்.எம்.ஆர். கருவி கைக்கு எட்டாத அக்காலத்தில், மூலக்கூறைப் படிப்படியாக உடைத்து, கிடைத்த துண்டுகளை இனங்கண்டு, முழு அமைப்பை உய்த்துணர்ந்து, அது சரிதானா என்பதை அறிய எளிய சேர்மங்களிலிருந்து அதே மூலக்கூறை ஆய்வகத்தில் கட்டி இயற்கைப் பொருளோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அவரும் அவருடைய குழுவினரும் அமைப்பை நிறுவியதோடு நில்லாமல், 1961இல் டைலோபோரினின் தொகுப்பையும், அதாவது அதை ஆய்வகத்தில் கட்டிய முறையையும், வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அவருக்கு அறிவியலாளர்களுக்கான பட்நாகர் விருது கிடைத்திருந்தது.

1963இல் அவர் மும்பை கோரேகானில் சீபா மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்திற்கு இயக்குநராகச் சென்றார். அங்கே ஆன்சிஸ்ட்ரோக்ளாடின் என்ற புதுவகை ஆல்கலாய்டின் அமைப்பு தெளிவாயிற்று. அவருடைய மாணவர் கே. நாகராஜனின் பணியால் சட்ரானிடசோல் என்ற மருந்தும் அங்கே உருவாயிற்று. பின்னாளில் சென்னைக்குத் திரும்பியவர், எழுபது வயதைக் கடந்த பிறகும் வேப்பம் விதையிலிருந்து பூச்சிகளைத் தடுக்கும் அசாடிராக்டின் வகைச் சேர்மங்களில் புதியவற்றைப் பிரித்து 1992இல் வெளியிட்டார். (ஓய்வுபெறும் வயது குறித்த விவாதங்களில் இதையும் யாராவது நினைவூட்டலாம்.)

தனிமனிதத் திறமையை அரசாணை போட்டு உருவாக்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் அத்திறமைக்குத் தேவையான நேரத்தையும் பொருளையும் ஒதுக்குவது அரசின் கையில்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வகுத்துள்ளன; தேர்வுப் பணியும் சேர்க்கைப் பணியும் அதற்கு மேல் வருபவை. தொகுப்பு வேதியியலில் ஒரு வினைக் கலவை பத்து மணி நேரம் கொதித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நைட்ரஜன் சூழலில் இரவு முழுவதும் கலக்கப்பட வேண்டியும் இருக்கும். விளைபொருளைக் குரோமட்டோகிராபி குழாயில் (கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் அமைப்பில்) பிரிக்க இன்னொரு பகல் போகும். மாலையில் ஆய்வகம் பூட்டப்படும் கல்லூரியில், பாடவேளைகளுக்கு இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் இவற்றுள் எதையும் செய்ய இயலாது.

ஆகவே, ஆய்வு நெறியாளராக உள்ள ஆசிரியர்களுக்கு வாரத்தில் பிளவுபடாத இரு முழு நாட்களை ஒதுக்கவும், பொறுப்பாளர் ஒருவரின் கண்காணிப்பில் ஆய்வகங்களை இரவிலும் இயக்க விதி வகுக்கவும் வேண்டுகிறேன். கரைப்பான்கள் வாங்குவதில் மிகக் குறைந்த விலைப்புள்ளியை மட்டும் பார்க்காமல் தூய்மைத் தரத்தையும் நிபந்தனையாக்க வேண்டும். கார்பன் பிணைப்புகளைக் கட்டப் பயன்படும் கிரிக்னார்டு வினை, ஈரம் கலந்த ஈதரில் தொடங்காது. தனி ஆல்கஹாலுக்கான (நீர் நீக்கிய எத்தனாலுக்கான) உரிமத்தை ஒவ்வொரு கல்லூரியும் மதுவிலக்குத் துறையிடம் தனித்தனியே கேட்டு நிற்பதைத் தவிர்த்து, கல்லூரிக் கல்வி இயக்ககமே ஒருங்கிணைத்துப் பெற்றுத் தரலாம்.

எல்லாக் கல்லூரிக்கும் என்.எம்.ஆர். கருவி கேட்கவில்லை. மண்டலத்துக்கு ஒரு கருவி போதும். மாதிரிகளை அனுப்பும் செலவைத் துறை ஏற்று, முடிவுகள் ஒரு வாரத்திற்குள் கிடைக்க வழிசெய்தால், ஆராய்ச்சி மாணவர்கள் அடுத்த வினையைத் தொடங்கக் காத்துக்கிடக்க நேராது.

இப்படிக்கு,
கரிம வேதியியல் ஆசிரியர் ஒருவர்