தெருவிளக்கு சுவிட்ச் இருக்கும் கைகளுக்கு

குமரி மாவட்டத்தில் தெருவிளக்கைப் போட்டு அணைக்கும் பொறுப்பில் உள்ள எல்லோருக்கும்,

வணக்கம்.

இந்த மடல் சரியாக யார் கைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு கம்பத்தில் தகரப் பெட்டி மாட்டியிருக்கிறது. அதற்குள் டைமர், வெளியே பூட்டு. சாவி யாரிடம் என்று சாயாக்கடையில் விசாரித்தேன். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். பக்கத்து ஊரில் டைமரே கிடையாது. தண்ணீர்த் தொட்டி வால்வைத் திறக்க வருகிற அண்ணன்தான் போகிற போக்கில் விளக்கையும் அணைத்துவிட்டுப் போவார். ஆகவே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று பிரிக்காமல், சுவிட்ச் யார் யார் கையில் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் இருப்பது வில்லுக்குறிக்கு வடக்கே, வேளிமலையின் மேற்கு அடிவாரத்தில். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் காலை ஆறே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நான் போயாக வேண்டும். அந்த நேரத்துக்குத் தோதான பேருந்து இல்லை. ஸ்கூட்டர் ஓட்ட வராது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. பதினோரு வருடமாக சைக்கிள்தான். 5.45-க்கு வீட்டை விட்டு இறங்கினால் ஊர்ச் சாலையில் மூன்று கிலோமீட்டர். அப்புறம் பெரிய சாலை பிடித்து தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் வழியாக வடசேரி.

போன தை மாதத்தில் ஒரு காலை. ஊர்ச் சாலையின் கடைசி வளைவு, இரண்டு பக்கமும் தென்னை. மணி சரியாக ஆறு. தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. கூடவே அந்த வரிசை முழுவதும் அணைந்தது. வெளிச்சத்துக்குப் பழகியிருந்த கண்ணுக்கு முன்னால் யாரோ கறுப்புத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் வேண்டும். அதுவரை சைக்கிள் காத்திருக்குமா? சாலைக்குக் குறுக்கே ஒரு தென்னை மட்டை கிடந்திருக்கிறது. ராத்திரி விழுந்தது, பனியில் நன்றாக ஊறியிருந்தது. முன்சக்கரம் அதில் ஏறி வழுக்கியது. முழங்கையிலும் முட்டியிலும் தோல் போனது, மட்கார்டு நெளிந்தது, டப்பா திறந்து இட்லி நாலும் சாலையோடு போயிற்று. பின்னாலேயே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நெற்றி விளக்கோடு ஓடி வந்து தூக்கிவிட்டார். "எம்மா, வெளுக்கும் வரை உருட்டிட்டுப் போனா போராதா?" என்றார். பாசமாகத்தான் கேட்டார். ஆனால் மூன்றரை மாதம் உருட்டிக்கொண்டு போக முடியுமா?

பழைய தமிழில் பனைமட்டைக்கும் மடல் என்று பெயர். காதல் கைகூடாதவன் பனைமட்டையால் குதிரை செய்து, அதில் ஏறித் தெருவில் வந்து தன் குறையை ஊரறியச் சொல்வான். பெண்கள் மடலேறக் கூடாது என்று இலக்கணமே இருக்கிறது. நான் ஏறவில்லை, மோதி விழத்தான் செய்தேன். எழுதக் கூடாது என்று எங்கும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கன்னியாகுமரியில் பல லாட்ஜ்களின் வரவேற்பறையில் ஒரு பலகை இருக்கும். நாளைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று அதில் சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். அதைப் பார்க்கத்தான் நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சூரியன் வரும் நேரத்தை இவ்வளவு அக்கறையாக எழுதி வைக்கிற மாவட்டத்தில், தெருவிளக்குப் பெட்டிக்கு மட்டும் அது தெரியவே தெரியாது. அதற்கு வருடம் முழுக்க விடியல் ஆறு மணிக்குத்தான்.

மே கடைசியில் அந்தக் கணக்கு சரி. அப்போது இங்கே ஆறு மணி வாக்கில் சூரியன் வந்துவிடும். அதற்கு இருபது நிமிடம் முன்பே சாலை தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் உதயம் 6.20-ஐ ஒட்டிப் போகும். மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் ஆறரை. தைப்பொங்கலுக்கு 6.38. ஜனவரி கடைசியில் 6.40-ஐத் தொட்டு நிற்கும். அதாவது உங்கள் விளக்கு அணைந்த பிறகு சூரியன் வர முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. எங்களைப் போல மலைக்கு மேற்கே இருப்பவர்களுக்கு, அது வேளிமலை முதுகில் ஏறி எட்டிப் பார்க்க இன்னும் நேரமாகும்.

ஆண்டிலேயே பகல் குறைந்த நாள் டிசம்பர் 21 அல்லது 22. அதனால் அதுதான் ஆகப் பிந்தி விடியும் நாள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நம் அட்சரேகையில் மாலை சீக்கிரம் இருட்டுவது நவம்பர் நடுவில், காலை ஆகப் பிந்தி விடிவது ஜனவரி கடைசியில். போதாததற்கு, இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாம் இருப்பது 77.5-ஐ ஒட்டி. ஐந்து பாகை வித்தியாசம், பாகைக்கு நாலு நிமிடம். கடிகாரம் ஆறு என்று சொல்லும்போது நம் தலைக்கு மேலுள்ள வானம் ஐந்து நாற்பதில்தான் இருக்கிறது.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கூதல் மார்கழியோடு குறைய ஆரம்பித்துவிடும். துவர்த்தை, அதாவது துண்டை, காதோடு சேர்த்துக் கட்டியவர்கள் மாசியில் அதை அவிழ்த்துவிடுவார்கள். காலம் மாறிவிட்டது என்று தோன்றும். ஆனால் பிப்ரவரி கடைசியிலும் உதயம் ஆறரைக்கு மேலேதான். தணுப்பு போன பிறகும் இருட்டு போகாது.

டிசம்பரில் எங்களுக்கு வேறொரு வெளிச்சமும் உண்டு. கோட்டாறு சவேரியார் திருவிழா முடிகிற சமயத்திலிருந்தே வீடுகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்க எரியவிடுகிற வீடுகள் நிறைய. நான் போகிற வழியில் மட்டும் நாற்பத்தேழு ஸ்டார் எண்ணியிருக்கிறேன், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று சாலையில் நிறம் விழும். தெருவிளக்கு அணைந்தாலும் தட்டுத்தடுமாறிப் போய்விடலாம். ஜனவரி முதல் வாரம் முடிந்ததும் எல்லாம் இறங்கி அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். மிச்சமிருக்கும் இருட்டுக்கு நாங்களும் உங்கள் டைமரும்தான்.

அந்த நேரத்தில் சாலையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் பால்வெட்டுக்காரர்கள் இருட்டிலேயே தோட்டத்துக்குப் போயாக வேண்டும். குளிர்ந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் சீக்கிரம் உறையாமல் சிரட்டைக்கு ஓடி வரும். வெயில் ஏறிவிட்டால் ஒட்டுப்பால்தான் மிச்சம். குளிர்காலம் அவர்களுக்கு விளைச்சல் காலம். தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் சுங்கான்கடையில் விடியும் முன்பே பானை ஏற்றுவார்கள், சாலை ஓரத்தில் வைக்கோல் பரந்து கிடக்கும். வாசல் கோலம் போடக் குனிந்திருக்கும் பெண்களுக்கு முதுகுப் பக்கம் சாலை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு மணி டியூஷனுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வருவார்கள். பெரும்பாலானவற்றில் விளக்கு கிடையாது. ஒரு பையன் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு டார்ச் அடித்தபடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். திட்டலாம் என்று வாயெடுத்தேன், அவன் என்ன செய்வான் என்று விட்டுவிட்டேன்.

எதிரே வருவது யார் தெரியுமா? கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை சபரிமலை சீசன். ராத்திரி முழுக்க ஓட்டிய களைப்போடு, முக்கடலில் சூரியோதயம் தவறிவிடக் கூடாது என்று வேன்கள் பறக்கும். ஹை பீமைத் தாழ்த்துகிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். தெருவிளக்கு எரிந்தால் அந்த வெளிச்சம் அவ்வளவாகக் கண்ணைக் கூசாது. அணைந்துவிட்டால் வேனின் இரண்டு விளக்கைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. சாலை ஓரம் எங்கே முடிகிறது, ஓடை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் ஞாபகத்தை வைத்து ஓட்டுவதுதான்.

"மார்கழி தணுப்பில் சைக்கிள் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு, என் நாத்தனார் உட்பட. உண்மையில் இங்கே என்ன தணுப்பு? விடியலில் இருபது, இருபத்திரண்டு டிகிரி. காதை மூடினால் போதும். அதிலும் நான் மங்கி கேப் போடுவதில்லை, காது அடைத்தால் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காது. மெல்லிய துண்டுதான். முதல் ஒரு கிலோமீட்டர் விரல் விறைக்கும், அப்புறம் சவிட்டுகிற சூட்டில் வேர்வையே வந்துவிடும். தொந்தரவு பனி ஈரம்தான். இரும்பு ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை பிடிக்காமல் வழுக்கும். கண்ணாடி போட்டவர்களுக்குப் பனித்துளி வேறு. மற்றபடி இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டும், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டும் ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

பின்லாந்தில் ஓலு என்று ஒரு ஊர். ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே. குளிர்காலத்தில் பகல் என்பது சில மணி நேரம்தான், பனியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது வரை போகும். அங்கே பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். குளிர்கால சைக்கிள் ஓட்டத்துக்கென்றே 2013-இல் அங்கே ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஏதும் தனிச் சூடு இல்லை. சைக்கிள் பாதையில் விளக்கு எரிகிறது, ஆட்கள் கிளம்பும் முன் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். நமக்குத் தள்ளப் பனிக்கட்டி இல்லை. தென்னை மட்டை மட்டும்தான், அதுவும் கண்ணுக்குத் தெரிந்தால் நாங்களே எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவோம்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். சைக்கிள்காரர்தான் விளக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். சரி, நியாயம். விழுந்த பிறகு முன்னால் ஒரு பேட்டரி விளக்கும் பின்னால் மின்னுகிற சிவப்பு விளக்கும் வாங்கி மாட்டியிருக்கிறேன். ஆனால் டைனமோ வைத்த பழைய சைக்கிள்காரரை நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய விளக்கும் மங்கும், நின்றால் அணைந்தே போகும். தலையில் மீன் கூடையோடு நடந்து போகிற அம்மைக்கு எங்கே விளக்கு மாட்டுவது?

அடுத்தது மின்கட்டணம். அதையும் கணக்குப் போட்டேன். ஊர்ச் சாலையில் இருப்பது 20 வாட் எல்.இ.டி. என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் கூடுதலாக எரிந்தால், நூறு விளக்குக்குச் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு யூனிட். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, நூற்றைந்து நாளைக்கு நூற்றைந்து யூனிட். நூறு விளக்குக்கு! அதுவும் சும்மா கேட்கவில்லை. மே, ஜூனில் வெளிச்சம் வந்த பிறகும் ஆறு மணி வரை எரிகிறதே, அங்கே கால் மணி நேரம் முன்னதாக அணைத்துவிடுங்கள். கொடுத்ததில் கால் பங்குக்கு மேல் திரும்பி வந்துவிடும்.

முக்கால் மணி நேரம் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. சூரியன் வரும் முன்பே வெளுத்துவிடும் என்பது எனக்கும் தெரியும், பிந்தி விடியும் நாளிலும் 6.20-க்கு வெட்டவெளியில் சாலை தெரிந்துவிடும். தென்னைக்கும் ரப்பருக்கும் கீழே அதற்குமேல் பத்து நிமிடம். ஆக, அந்த மூன்றரை மாதம் காலை 6.30-க்கு அணைத்தால் போதும். மாலையிலும் ஒரு சின்னத் திருத்தம். நவம்பர் நடுவில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே விழுந்துவிடுகிறது, மழை மேகம் வேறு இருக்கும். சில இடங்களில் ஆறரைக்குப் போடுகிறீர்கள். அதை ஆறு மணி ஆக்குங்கள். உதய, அஸ்தமன நேரத்தைத் தானே கணக்கிட்டு மாறிக்கொள்ளும் டைமர்கள் கடையில் கிடைக்கின்றன, ஊருடைய அட்சரேகை தீர்க்கரேகையை ஒரு தடவை பதிந்துவிட்டால் போதும். அதற்கு நிதி, டெண்டர் என்று நாளாகும் என்றால், இருக்கிற டைமரின் முள்ளை வருடத்துக்கு இரண்டு முறை திருப்ப ஓர் ஆளும் ஓர் ஏணியும் போதும்.

வால்வு திறக்க வரும் அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கும் அதே இருட்டில்தான் வேலை. தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு சாயா குடித்துவிட்டு வந்து அணைத்தால் கணக்கு சரியாக இருக்கும். சாயா என் செலவு.

எங்கள் ஊர்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் இதைப் படித்தால், அந்தக் கடைசி வளைவுக்கு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்து நிற்க வேண்டுகிறேன். நடந்தோ சைக்கிளிலோ வாருங்கள். காரில் வந்தால் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் புரியாது.

இப்படிக்கு,
வில்லுக்குறிக்கு வடக்கேயிருந்து ஒரு சைக்கிள்காரி

பி.கு.: அந்த மட்டையை அன்றைக்கே ஓரமாக இழுத்துப் போட்டேன். மறுநாள் காணவில்லை. யாரோ விறகுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். இட்லியைக் காக்காய் பார்த்துக்கொண்டது.