மீட்டரைப் பார்த்து பென்ட்லி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆடம்பரக் கார்களின் மவுசு பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை பெரும்பாலும் சரிதான். "குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டியாகப் பார்த்து எடுங்கள்" என்ற ஒரு வரி மட்டும் வாங்குபவர்களுக்குப் பெரிய செலவை இழுத்துவிடும். சின்னக் கார்களுக்கு அந்த யோசனை பொருந்தலாம். பன்னிரண்டு சிலிண்டர் கார் விஷயத்தில் அது தலைகீழ். 2005-ல் வெளிவந்த பென்ட்லி கான்டினென்டல் ஃப்ளையிங் ஸ்பர் ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்கிறேன்.

அந்தக் கார் மேல் வரும் ஆசையை வெறும் பந்தா என்று ஒதுக்க முடியாது. 5,998 சிசி, இரண்டு டர்போ, சுமார் 550 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை விசை. அந்த டார்க் 1,600 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது என்பதுதான் சங்கதி. வண்டி ஏறக்குறைய இரண்டரை டன். ஆனாலும் ஈசிஆரில் ஒரு லாரியை முந்த ஆக்சிலரேட்டரைப் பாதிகூட மிதிக்க வேண்டாம். உச்ச வேகம் மணிக்கு 312 கி.மீ. என்பது இங்கே பேச்சுக்குத்தான் உதவும். உள்ளே ஏசி காற்றைத் திறந்து மூட, ஹார்மோனியத்தில் இருப்பதைப் போல இழுக்கும் உலோகக் குமிழ்கள். இழுத்துப் பாருங்கள், விரலுக்குக் கனமும் குளிர்ச்சியும் தெரியும். டேஷ்போர்டில் இடப்பக்க மர ரேகையும் வலப்பக்க ரேகையும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். டபிள்யூ12 எனப்படும் இந்தப் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினின் தயாரிப்பை 2024-ல் பென்ட்லி நிறுத்திவிட்டது. மவுசு கூடுவதில் ஆச்சரியமில்லை.

கார் விலை சரிந்தாலும் உதிரிபாகத்தின் விலை சரிவதில்லை. இந்தக் காரில் பழுதாகிற பாகங்களில் பல, ஓடித் தேய்வதால் பழுதாவதில்லை. நின்று காய்வதால், ஊறுவதால், சார்ஜ் இறங்குவதால் பழுதாகின்றன. 2008 மாடல், 21,000 கி.மீ. என்று விளம்பரம் வந்தால், அந்த வண்டி பல வருடம் கவர் போட்டு நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஏர் சஸ்பென்ஷனில் தொடங்குங்கள். நான்கு சக்கரத்திலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பை. ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் நின்றால் அந்த மடிப்பில் ரப்பர் வெடிப்பு விடும். முதலில் ஊசித்துளை அளவு கசிவுதான். கம்ப்ரசர் அதை ஈடுகட்ட அடிக்கடி ஓடும், சூடாகும், கடைசியில் அதுவும் போய்விடும். பையை மாற்றாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் புதிதும் அதே வழியில்தான் போகும். சோதிக்க ஒரு டேப் போதும். சமதளத்தில் மாலையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, கதவைத் திறக்கும் முன் மீண்டும் அளக்க வேண்டும். கதவைத் திறந்தால் சிஸ்டம் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். ஒரு மூலை மட்டும் விரலளவு இறங்கியிருந்தால் கசிவு அங்கேதான். சோப்புத் தண்ணீர் அடித்து இடத்தை உறுதி செய்யலாம். இரவு முழுக்க வண்டியை விட்டுவைக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது தண்ணீர். முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின் விளிம்பில் மழைநீர் விழும் தொட்டி போன்ற பள்ளம் இருக்கிறது. அதன் வடிகால் வாயில் வேப்பிலையும் புங்கம்பூவும் சேர்ந்து அடைத்துவிட்டால், ஐப்பசி மழைத் தண்ணீர் காருக்குள் இறங்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய்களும் அப்படியே. கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான ஃபோம். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மேலே கை வைத்தால் காய்ந்தே தெரியும். கதவு, சாவி, இருக்கை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டிகள் சில அந்தத் தரைமட்டத்தில்தான் இருக்கின்றன. ஓரத்தைத் தூக்கி ஃபோமுக்குள் டிஷ்யூ தாளை அழுத்திப் பாருங்கள். ஈரமிருந்தால், அல்லது உள்ளே வாசனை திரவியம் தூக்கலாக அடித்திருந்தால், காரணம் கேளுங்கள்.

பேட்டரி இரண்டு, இரண்டும் டிக்கியில். ஒன்று ஸ்டார்ட் செய்ய, மற்றது மீதி மின்சாதனங்களுக்கு. நின்ற வண்டியில் இரண்டும் மெல்ல இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் திரையில் வரிசையாக வரும். அதைப் பார்த்து நல்ல சென்சாரைக் கழற்றிப் போடும் ஒர்க்‌ஷாப்புகளும் உண்டு. பேட்டரியை முழுச் சார்ஜ் ஏற்றி, கார் கம்ப்யூட்டரில் பதிவான பழைய பழுதுக் குறியீடுகளை (ஃபால்ட் கோடு) அழித்து, 30 கி.மீ. ஓட்டிய பிறகு மீண்டும் ஸ்கேன் செய்து, திரும்பி வரும் குறியீடுகளை மட்டும் நம்ப வேண்டும்.

இன்ஜின் விஷயம் கொஞ்சம் விரிவானது. குறுகிய கோணத்தில் அமைந்த இரண்டு ஆறு சிலிண்டர் வரிசைகளை 72 டிகிரியில் சேர்த்துக் கட்டியது போன்றது டபிள்யூ12. அதனால் நீளம் குறைவு. குட்டையாக இருப்பதால்தான் நான்கு சக்கர இயக்கத்தோடு மூக்குக்குள் அடங்கியது. அதற்கு விலை, இன்ஜினின் பின்பக்கம் கை நுழைய இடமில்லாமல் டர்போவும் கூலன்ட் பைப்பும் வேக்குவம் ஹோஸும் நெருக்கியடித்துக் கிடப்பது. ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் காய்ந்து விரிசல் விட்டாலே ஐடிலிங் தடுமாறும், செக் இன்ஜின் விளக்கு எரியும். ஹோஸ் விலை சில்லறைதான். ஆனால் அங்கே கை எட்ட, பல நேரம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழ்வழியாக இறக்க வேண்டும். பில்லைப் பெரிதாக்குவது கூலி. எனவே ஒருமுறை இறக்கினால் அந்தப் பக்கத்து எல்லா ஹோஸையும் கூலன்ட் பைப்பையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். விற்பவரிடம் "இன்ஜின் இறக்கிய பில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பலர் அதைக் குறையாக நினைத்து மறைப்பார்கள். எனக்கு அந்த பில் இருக்கிற வண்டிதான் வேண்டும்.

பானெட்டைத் தொட்டு, இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. ஆறிய இன்ஜினில் முதல் சில விநாடிகளைத் தாண்டியும் கரகர சத்தம் நீடித்தால் விலகிவிடுங்கள். ஸ்பார்க் பிளக் 12, காயில் 12. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றாமல் வேலை முடியாது. ஒன்று இரண்டாக மாற்றுவது கூலியை வீணாக்குவது.

கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். செய்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டில், மாற்றச் சொல்கிறது. ஓடாத வண்டிக்கு அந்த 8 ஆண்டுக் கணக்குதான், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இன்ஜின் ஓடும் நிலையில், ஆயில் சுமார் 40 டிகிரி சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் நிரப்பினால் அளவு தவறும், கியர் இடிக்கும்.

டயர் 275/40 ஆர்19. பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், அதை நம்பி இரண்டரை டன்னை நிறுத்த முடியாது. பெட்ரோல் டாங்க்கும் அப்படித்தான். இப்போதைய இ20 பெட்ரோலில் இருக்கும் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பாதி டாங்கோடு மாதக்கணக்கில் நின்றால் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் கேடு.

பாகம் வாங்கும்போது ஒரு குறிப்பு. இந்தக் கார் போக்ஸ்வேகன் ஃபீட்டன் காரின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. பென்ட்லி பாக எண்கள் பெரும்பாலும் 3டபிள்யூ என்றும் ஃபீட்டனுடையவை 3டி என்றும் தொடங்கும். பெட்டிக்குள் இருப்பது ஒன்றேயாக இருக்கிற பாகங்கள் உண்டு, எல்லாம் அப்படி இல்லை. பழைய பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து ஆர்டர் கொடுங்கள்.

காகிதங்களைப் பற்றிக் கட்டுரை தொடவே இல்லை. பிஒய் (புதுச்சேரி) அல்லது கேஏ (கர்நாடகா) நம்பர் என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பிறகு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, அதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. இறக்குமதி வண்டியென்றால் சுங்கத் துறையின் இறக்குமதிப் பத்திரத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுங்கள், நுழைவு வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். 2012-ல் இறக்குமதியான ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் கோஸ்ட்டின் நுழைவு வரி வழக்கு 2021-லும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 15 ஆண்டு முடிந்த இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 40,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டினால் 2025 முதல் அது 80,000. 2005 மாடலுக்கு இரண்டாவது கணக்குதான்.

ஒரே வருடத்து வண்டிகள் இரண்டு நின்றால், 21,000 கி.மீ. காட்டுவதை விட்டுவிட்டு, 70,000 ஓடி வருடா வருடம் பில் வைத்திருப்பதை எடுங்கள். எடுத்த பிறகு வாரம் ஒருமுறையாவது, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஊருக்குப் போகும் நாட்களில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பேட்டரி கண்டிஷனரை மாட்டி வையுங்கள். பஞ்சர் கடையிலோ சர்வீஸிலோ வண்டியைத் தூக்கும் முன் திரையில் ஜாக் மோடைப் போட மறக்காதீர்கள். போடாமல் தூக்கினால் தொங்கும் சக்கரத்தைக் கம்ப்யூட்டர் தவறாகப் புரிந்துகொண்டு பையிலிருந்து காற்றை வெளியேற்றிவிடும், இறக்கும்போது காற்றில்லாத ரப்பர் கண்டபடி மடங்கும்.

இப்படிக்கு,
இறக்குமதிக் கார் பழுதுபார்ப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்,
கிண்டி, சென்னை